காதைக் குத்தும் ஸ்பீக்கருக்கு எந்த அம்பிளிபயர்?

வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஆறு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தபோதிலும், ஒரே குறையைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. வீட்டு ஸ்பீக்கர்களின் ஒலி காதில் குத்துகிறது, அதைத் தணிக்க அம்பிளிபயரை மாற்றலாமா என்பதே அக்குறை. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்காமல் இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

உவர்மலை வாசகர் ஒருவரின் கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சோடி சிறிய ஸ்பீக்கர்கள் வாங்கினேன். 40 வாற்று திரான்சிஸ்டர் அம்பிளிபயரோடு பழைய வீட்டில் இதமாகவே ஒலித்தன. சென்ற ஆண்டு புது வீட்டுக்குக் குடிவந்த பின்னர் பெண் குரலும் நாதஸ்வரமும் ஊசி போலக் குத்துகின்றன. அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்து கேட்க முடியவில்லை. ஹோல் முழுவதும் டைல்ஸ் பதித்தது, கடற்பக்கமாகப் பெரிய கண்ணாடி யன்னலும் உண்டு. ஒலியை மென்மையாக்கும் அம்பிளிபயர் ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கொழும்புக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்குவது என்று சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். விடையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய வீட்டில் இதமாக ஒலித்த அதே ஸ்பீக்கர்கள்தாம், அதே அம்பிளிபயரோடு, புது வீட்டில் குத்துகின்றன. மாறியது வீடு மட்டுமே. ஆகவே சேர்த்த பணத்தைக் கையில் எடுக்குமுன், குத்தும் ஒலி எங்கே பிறக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் அறியாதிருந்த காலத்தில் இரண்டு அம்பிளிபயர்களை வாங்கி, இரண்டையும் நட்டத்துக்கு விற்றேன். அந்த நட்டம் உங்களுக்கு வரக்கூடாது.

குத்துகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில் (நொடிக்கு இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் அதிர்வுகள்) உள்ள ஒலியையே. காதின் துளை ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அத்தகைய குழாய் 3 கிலோஹேர்ட்ஸை அண்டிய ஒலிக்கு ஒத்ததிர்ந்து, அதைப் பெரிதாக்கியே செவிப்பறைக்குக் கொடுக்கிறது. 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகளும், நமது கேள்விப்புலன் மிகக் கூர்மையாக இருப்பது 3, 4 கிலோஹேர்ட்ஸ் பகுதியிலேயே என்று காட்டின. ஆதலால் வேறு இடத்தில் கவனிக்கப்படாமல் போகக்கூடிய இரண்டு மூன்று டெசிபல் (ஒலியின் அளவைக் கூறும் அலகு) கூடுதல், இந்தப் பகுதியில் நேர்ந்தால் சில நிமிடங்களிலேயே களைப்பைத் தந்துவிடும்.

இனி அம்பிளிபயரைப் பார்ப்போம். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரு திரான்சிஸ்டர் அம்பிளிபயர் 20 ஹேர்ட்ஸ் தொடக்கம் 20 கிலோஹேர்ட்ஸ் வரை, ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டுடன், எல்லா ஒலிகளையும் சமமாகவே பெருக்குகிறது. ஸ்பீக்கரிலோ மூன்று நான்கு டெசிபல் ஏற்ற இறக்கம் வெகு சாதாரணம். அறை அதற்கு மேலும் சேர்க்கிறது. எனவே ட்ரெபிள் எனப்படும் உச்ச மீடிறன் ஒலிக்குரிய குமிழைத் தொடாமல், ஒரு நல்ல அம்பிளிபயரை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல அம்பிளிபயரை வைப்பதால் மட்டும் குத்தல் தணியும் என்று எதிர்பார்ப்பது, பெரும்பாலும் வீண் எதிர்பார்ப்பாகவே முடியும். இதை ஒப்புக்கொள்ள எனக்கே பல காலம் எடுத்தது.

உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு, செலவு எதுவும் இல்லை. குத்துகிற பாடலை ஓடவிட்டு, ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மீற்றர் தூரத்தில் கதிரையைப் போட்டு, காது ட்வீற்றரின் (உச்ச மீடிறன் ஒலியைத் தரும் சிறிய ஒலிவாய்) உயரத்தில் இருக்கும்படி அமர்ந்து, ஒலியைக் குறைத்துக் கேளுங்கள். அவ்வளவு கிட்டத்தில் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியே மேலோங்கியிருக்கும், சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி பின்தங்கிவிடும். அங்கே இதமாகவும் வழக்கமான இடத்தில் குத்தலாகவும் இருந்தால், குற்றம் அறையினுடையது. கிட்டத்திலும் குத்தினால், அதே பாடலை நல்லதொரு ஹெட்போனில் கேளுங்கள். அதிலும் குத்தினால் ஒலிப்பதிவே அப்படித்தான். பழைய கசெற்றிலிருந்து அவசரமாகப் பிரதியெடுத்து, உரப்பை எல்லைவரை ஏற்றி வெளியிடப்பட்ட பதிவுகள் ஏராளமாக உலாவுகின்றன. மூன்றாவதாக, ஒலியைக் கூட்டும்போது மட்டும் குத்தல் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியாயின் அம்பிளிபயர் தன் வலுவின் எல்லையைத் தொட்டுவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் ஹோலை நினைத்துப் பார்க்கும்போது, முதற் சோதனையே விடையைச் சொல்லிவிடும் என்றுதான் தோன்றுகிறது. வழுவழுப்பாகப் பூசிய சீமெந்துச் சுவரும் டைல்ஸும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உறிஞ்சும். மீதி எல்லாம் திரும்பி வரும். கண்ணாடி யன்னலும் உச்ச ஒலிக்கு, அதாவது ட்ரெபிளுக்கு, ஏறத்தாழ அப்படியே. வெறும் ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பின்னர் "ஸ்ர்ர்" என்று உலோகத்தன்மையோடு ஒரு வால் தொடரும். பெண் குரலின் "ச", "ஸ" ஒவ்வொன்றின் பின்னாலும் அதே வால் தொங்குகிறது. எங்கள் வீட்டு முன் ஹோலில் இது தாங்க முடியாமல் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலிலிருந்த தும்பு மெத்தையைத் தூக்கிவந்து பக்கச் சுவரில் சாய்த்து வைத்தேன். எங்கே சாய்ப்பது என்று அறிய, நான் கதிரையில் இருக்க, மகன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டு போனான். கண்ணாடியில் எந்த இடத்தில் எனக்கு ட்வீற்றர் தெரிந்ததோ அந்த இடமே ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம். மெத்தையை அங்கே வைத்ததும் அதே பாட்டு, அதே உரப்பு, குரல் மட்டும் சுவரிலிருந்து விலகி ஸ்பீக்கர்களுக்கு நடுவே வந்து நின்றது. எந்த அம்பிளிபயரும் எனக்கு அப்படியொரு மாற்றத்தைக் காட்டியதில்லை.

மெத்தையை நிரந்தரமாகச் சாய்த்து வைக்க வீட்டில் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கண்ணாடி யன்னலுக்குப் பாரமான பருத்தித் திரைச்சீலையை, யன்னலின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணியில், மடிப்பு மடிப்பாக விழும்படி தைத்துப் போடுங்கள். மடிப்புடன் தொங்கும் தடித்த துணி உச்ச ஒலியில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். கண்ணாடி காட்டிய சுவர்ப் பகுதியில் புத்தக அலுமாரியொன்றை வைக்கலாம். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையே டைல்ஸின்மேல் தடித்த கம்பளம் விரியுங்கள். புற்பாய் போதாது, அது மெல்லியது. இவற்றோடு, இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவற்றைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பிவையுங்கள். ட்வீற்றரின் உச்ச ஒலி டோர்ச் வெளிச்சம் போல் நேராகப் பாய்வது. அந்தப் பாய்ச்சலிலிருந்து காது சிறிது விலகினாலே தணிவு தெரியும்.

இவ்வளவும் செய்து குறை எஞ்சினால், அம்பிளிபயர் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் "மென்மையான ஒலி" என்ற சொல்லை நம்பி வாங்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டே.

முதலாவது, ஒலியின் நிறத்தை உங்கள் விருப்பப்படி திருத்தும் வசதி. பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இருப்பதைத் தரக்குறைவு என்று எண்ணும் ஒரு போக்கு சில இசைப்பிரியர்களிடம் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. 1952 இல் பிரித்தானியப் பொறியியலாளர் பீற்றர் பக்ஸண்டால் வெளியிட்ட சுற்றுத்தான் இன்றுவரை பெரும்பாலான அம்பிளிபயர்களின் பேஸ், ட்ரெபிள் குமிழ்களுக்கு அடிப்படை. நடுநிலையில் வைத்தால் ஒலியைக் கெடுக்காமலும், திருப்பினால் படிப்படியாகவும் அது வேலை செய்யும். ஆயினும் ட்ரெபிள் குமிழ் 10 கிலோஹேர்ட்ஸில் மூன்று டெசிபல் குறைக்கும்போது 3 கிலோஹேர்ட்ஸில் ஏறத்தாழ ஒரு டெசிபலே குறையும் என்பதால், உங்கள் குறைக்கு அது அரை மருந்துதான். இடைப்பகுதியைத் தனியே குறைக்கும் ஈக்குவலைசர் முழு மருந்து. அதை வாங்காமலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். பல அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் உள்ள ஐந்து பட்டை ஈக்குவலைசரில் நான்காவது பட்டை 3.6 கிலோஹேர்ட்ஸ். தொலைபேசியிலிருந்து பாடலை ஓடவிட்டு, அந்த ஒரு பட்டையை மட்டும் இரண்டு அல்லது மூன்று டெசிபல் கீழே இறக்குங்கள். குத்தல் போய்விட்டால் உங்களுக்கு வேண்டியது இன்னொரு அம்பிளிபயர் அல்ல, இந்த மூன்று டெசிபல்தான். புதிதாக வாங்குவதாயினும் இந்த வசதி உள்ளதையே வாங்குங்கள். "டிரெக்ற்" என்று எழுதிய பொத்தான் இருந்தால் அதை அமுக்கியிருக்கும்போது குமிழ்கள் வேலை செய்யா என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, போதிய வலு. வலு போதாத அம்பிளிபயரில் அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. 1 கிலோஹேர்ட்ஸ் ஒலியொன்று இப்படி வெட்டுப்பட்டால், பாடலில் இல்லாத 3, 5, 7 கிலோஹேர்ட்ஸ் ஒலிகள் புதிதாகப் பிறக்கும். காது கூர்மையாக உள்ள பகுதியிலேயே அவை வந்து விழுகின்றன. ஒலியைக் கூட்டும்போது மட்டும் குத்துவதற்கு இது முக்கிய காரணம். ஆனால் 40 வாற்றிலிருந்து 80 வாற்றுக்குப் போனால் கிடைப்பது மூன்று டெசிபல் மட்டுமே. பத்து டெசிபல் கூடுதல் வேண்டுமானால் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே சிறு உயர்வுக்காகப் பணத்தைச் செலவழிக்காமல், ஸ்பீக்கரைக் கதிரைக்குச் சற்று அருகில் கொண்டுவந்து ஒலியைக் குறைப்பதே மலிவான வழி. 1978 இல் வெளிவந்த நாட் 3020 என்ற 20 வாற்று அம்பிளிபயரில், உச்சி சடாரென வெட்டுப்படாமல் வளைந்து இறங்கச் செய்யும் சுவிற்ச் ஒன்று இருந்தது. அவ்வளவு சிறிய அம்பிளிபயர் பெரிய பெயர் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். இன்றும் அவ்வசதி உள்ளவை கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். திருகோணமலைப் பத்திரகாளி அம்பாள் கோயில் வீதியில் மைக் இல்லாமல் வாசிக்கும் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அந்த வாத்தியமே கூரானது, அதன் சீவாளியின் கம்பீரம் அந்த மேல் ஒலிகளிலேயே இருக்கிறது. குத்தலைத் தணிக்கப் போய் அதை மூடியடைத்த சங்கு போலாக்கிவிட வேண்டாம். ஒரு டெசிபல் குறைத்து, இரண்டு மூன்று நாள் கேட்டு, பிறகு அடுத்த டெசிபலைப் பற்றி யோசியுங்கள்.

நிலாவெளி வாசகி ஒருவரின் கேள்வி: ஐயா, கனடாவில் இருக்கும் எங்கள் அத்தான் தம்மிடமுள்ள வால்வு அம்பிளிபயரை அனுப்பிவைப்பதாகச் சொல்கிறார். வால்வு என்றாலே ஒலி மென்மை என்கிறார்கள். எங்கள் ஸ்பீக்கரின் குத்தல் அதனால் நீங்குமா?

பதில்: நீங்கலாம், கூடவும் கூடலாம். எது நடக்கும் என்பது உங்கள் ஸ்பீக்கரைப் பொறுத்தது.

மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவாக 8 ஓம் என்று பின்னால் எழுதியிருந்தாலும், எந்த ஸ்பீக்கரும் எல்லா மீடிறன்களிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 5 ஓம், வேறோரிடத்தில் 16 ஓம் என்று ஏறி இறங்கும். திரான்சிஸ்டர் அம்பிளிபயரின் உள்தடை பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் குறைவு என்பதால் இந்த ஏற்ற இறக்கம் அதைப் பாதிப்பதில்லை. வால்வு அம்பிளிபயரின் உள்தடை 2 ஓம் அளவில் இருப்பது சாதாரணம். அப்போது ஸ்பீக்கர் 5 ஓமாக உள்ள இடத்தில் ஏறத்தாழ மூன்று டெசிபலும், 16 ஓமாக உள்ள இடத்தில் ஒரு டெசிபலும் இழக்கப்படும். அதாவது ஓம் கூடிய இடம் மற்ற இடத்தைவிட இரண்டு டெசிபல் உயர்ந்து ஒலிக்கும். தாழ் ஒலியைத் தரும் வூபரும் உச்ச ஒலியைத் தரும் ட்வீற்றரும் கைமாறும் 2, 3 கிலோஹேர்ட்ஸ் பகுதியிலேயே ஓம் உயர்ந்திருக்கும் ஸ்பீக்கர்கள் நிறைய உண்டு. அத்தகைய ஸ்பீக்கரோடு உங்கள் அத்தானின் அம்பிளிபயரைச் சேர்த்தால் குத்தல் கூடும். மாறாக, அதற்கு மேற்பட்ட மீடிறன்களில், ட்வீற்றரின் பகுதியில் ஓம் தாழ்ந்திருக்கும் ஸ்பீக்கரானால், எல்லோரும் புகழும் அந்த மென்மை கிடைக்கும்.

1985 இல் அமெரிக்கப் பொறியியலாளர் பொப் கார்வர், ஒலிக்கருவிச் சஞ்சிகை ஒன்றின் சவாலை ஏற்று, தமது திரான்சிஸ்டர் அம்பிளிபயரைச் சில நாட்களில் திருத்தியமைத்து, மிக விலையுயர்ந்த வேறோர் அம்பிளிபயரிலிருந்து அச்சஞ்சிகையினரால் பிரித்தறிய முடியாதபடி ஒலிக்கச் செய்தார். அளக்கக்கூடிய இத்தகைய காரணங்களை ஒத்துப்போகச் செய்தால் ஒலியும் ஒத்துப்போகும் என்பதற்கு அது நல்ல சான்று. நீங்களும் அம்பிளிபயர் கப்பலேறுமுன் ஒரு சிறு ஒத்திகை பார்க்கலாம். 2 ஓம், 20 வாற்று கம்பிச்சுற்றுத் தடையிகள் (ரெசிஸ்ரர்) இரண்டு வாங்கி, இப்போதுள்ள திரான்சிஸ்டர் அம்பிளிபயரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் நேர் (சிவப்பு) வயரில் ஒன்று வீதம் தொடராகச் சேர்த்து, அளவான உரப்பில் ஒரு மாலைப்பொழுது கேளுங்கள். தடையி சூடாகும், துணியில் படாமல் வையுங்கள். வால்வு அம்பிளிபயர் உங்கள் ஸ்பீக்கரின் ஒலிச் சமநிலையை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய அம்பிளிபயரை இங்கே அப்படியே சொருகினால் எரிந்துவிடும். உள்ளே 230 வோல்ற்றுக்கு மாற்றும் வசதி உண்டா என்று அத்தானிடம் முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வோல்ற்றளவைக் குறைக்கும் திரான்ஸ்போமர் தேவைப்படும். அதன் பிறகும் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட அம்பிளிபயர் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். வால்வு அம்பிளிபயருக்குள் 400 வோல்ற்று அளவில் மின் நிற்கும், அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதன் மூடியைக் கழற்றி வைக்க வேண்டாம். வெளியீட்டு வால்வுகளைச் சில ஆயிரம் மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், அவற்றை இங்கே தேடுவது இலகுவல்ல.

சீனக்குடா வாசகர் ஒருவரின் கேள்வி: இணையத்தில் 100 வாற்று என்று விளம்பரப்படுத்திய, உள்ளங்கையளவு டிஜிற்றல் அம்பிளிபயர் ஒன்றை வாங்கினேன். கூடவே 12 வோல்ற்று அடப்டர் தந்தார்கள். ஒலியைக் கூட்டினால் காது கிழிகிறது. ஸ்பீக்கர் 8 ஓம். ஏமாற்றப்பட்டேனா?

பதில்: எண்ணிக்கையில் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அடப்டர் தரும் வோல்ற்றளவை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால், இவ்வகை அம்பிளிபயர் உச்சி வெட்டுப்படாமல் தரக்கூடிய அதிகபட்ச வலு வரும். 12 ஐ 12 ஆல் பெருக்கினால் 144, அதை 16 ஆல் வகுத்தால் 9 வாற்று. பெட்டியில் எத்தனை வாற்று அச்சிட்டிருந்தாலும் அந்த அடப்டரோடு உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் கூட்டும்போது, முன்னே உவர்மலை வாசகருக்குச் சொன்ன உச்சி வெட்டுத்தான் உங்கள் காதைக் கிழிக்கிறது. கருவி தாங்கும் என்று அதன் கையேட்டில் இருந்தால், 24 வோல்ற்று, 5 அம்பியர் அடப்டர் ஒன்றை வாங்குங்கள். 8 ஓமில் 36 வாற்றுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், அது சிறிய ஹோலுக்குத் தாராளம்.

தணிந்த உரப்பிலும் குத்தல் நின்றால், வேறொரு காரணத்தையும் யோசிக்க வேண்டும். இவ்வகை அம்பிளிபயர்கள் நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை மின்னைத் திறந்து மூடி வேலை செய்கின்றன. அந்த அதிர்வை வடிகட்ட, வெளியீட்டில் ஒரு கம்பிச்சுருளும் கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) உண்டு. மலிவான வகைகளில் அந்த வடிகட்டி பெரும்பாலும் 4 ஓம் ஸ்பீக்கரை மனதில் வைத்து அமைக்கப்படுகிறது. 8 ஓம் ஸ்பீக்கரைக் கொடுத்தால், 10 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஒலி ஒன்று இரண்டு டெசிபல் எழும்பிவிடும். விலை கூடிய வகைகளில் வடிகட்டிக்குப் பிறகும் அளந்து திருத்தும் சுற்று இருப்பதால் இக்குறை எழுவதில்லை. அம்பிளிபயர் தேர்வு உண்மையாகவே ஒலியின் நிறத்தை மாற்றும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதால், டிஜிற்றல் வகை வாங்குவோர் 4 ஓமிலும் 8 ஓமிலும் அதன் வளைகோடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கிண்ணியா வாசகர் ஒருவரின் கேள்வி: வெள்ளி முலாம் பூசிய ஸ்பீக்கர் வயர் ட்ரெபிளை மென்மையாக்குமா?

பதில்: ஆக்காது. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஐந்து மீற்றர் தூரம், போகவும் வரவும் சேர்த்து, 0.07 ஓம்தான். வீட்டு மின்வேலைக்கு வாங்கும் வயரே போதும். ஆனால் கடற்காற்றில் வயரின் முனை பச்சை பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, வாடைக்காற்றுக் காலம் முடிந்ததும், முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து இறுக்குங்கள். அப்போது இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பேஸ் மறைந்து, ட்ரெபிள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்காமல் அம்பிளிபயரை மாற்றியவர்களை அறிவேன்.

மூதூர் வாசகர் ஒருவரின் கேள்வி: ஒரு ஸ்பீக்கரின் ட்வீற்றர் எரிந்ததால், சோடிப் பொருத்தத்துக்காக இரண்டிலும் வேறு ட்வீற்றர் போடுவித்தேன். அன்றிலிருந்து குத்துகிறது. திருத்தியவர் அம்பிளிபயரை மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்ற வேண்டாம். ட்வீற்றர் மாறிய அன்று தொடங்கிய குறை ட்வீற்றரிலேயே இருக்கிறது. பழையது ஒரு வாற்றுக்கு 88 டெசிபல் தந்திருக்க, புதியது 92 டெசிபல் தருவதாயின், வூபரைவிட உச்ச ஒலி நான்கு டெசிபல் முந்திக்கொள்ளும். இரண்டின் மாதிரி எண்ணையும் வைத்து இந்த அளவைத் தேடிப் பாருங்கள். நீங்கள் போட்டது காந்தம் இல்லாத, பாரமற்ற பீசோ வகையானால் தேடவே வேண்டாம், அதைக் கழற்றிவிட்டு பட்டுத்துணிக் குமிழ் உள்ள சாதாரண ட்வீற்றரைப் போடுங்கள்.

வித்தியாசம் நான்கு டெசிபல், ட்வீற்றரும் 8 ஓம் என்றால், ட்வீற்றருக்குப் போகும் நேர் வயரில் 3 ஓம் தடையி ஒன்றைத் தொடராகவும், ட்வீற்றரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 27 ஓம் தடையிகள் இரண்டைச் சமாந்தரமாகவும் பற்றாசு பிடிப்பியுங்கள். மூன்றும் 10 வாற்று கம்பிச்சுற்றாக இருக்கட்டும். இப்படி இரண்டு வகையாகவும் போடும்போது, முன்னே உள்ள கொள்ளளவிக்கு அந்தக் கூட்டம் பழையபடி 8 ஓம் போலவே தெரிவதால், வூபரும் ட்வீற்றரும் கைமாறும் இடம் நகராது. புதிய ட்வீற்றர் 4 ஓமாக இருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. 8 ஓமானது கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். தடையிகளின் விலை ஒரு தேநீர்ச் செலவைத் தாண்டாது, பிடிக்காவிட்டால் கழற்றிவிடவும் முடியும்.

தம்பலகாமம் வாசகர் ஒருவரின் கேள்வி: தகப்பனார் எண்பதுகளில் வாங்கிய யப்பானிய அம்பிளிபயரைப் பாவிக்கிறேன். இரவில் ஒலியைக் குறைத்துக் கேட்கும்போதுதான் குரல் கரகரக்கிறது, கூட்டினால் நன்றாயிருக்கிறது. புதியது வாங்கட்டா?

பதில்: வாங்குமுன் ஒரு திருத்துநரிடம் கொண்டுபோங்கள். உங்கள் குறை மற்றவர்களுடையதற்கு நேர் எதிரானது, இம்முறை வந்த கடிதங்களில் அம்பிளிபயரே பழுதடைந்துள்ளது என்று நான் சந்தேகப்படுவது உங்களுடையதில் மட்டுமே. வெளியீட்டுத் திரான்சிஸ்டர்கள் சோடியாக வேலை செய்கின்றன. அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் தாங்கும். ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கும் இடத்தில் இடைவெளி விழாதிருக்க, பாடல் ஓடாதபோதும் இரண்டிலும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அளவு காலப்போக்கில் குறைந்துவிட்டால், கைமாறும் இடத்தில் அலை தேய்ந்து கரகரக்கும். உரத்த ஒலியில் அந்தத் தேய்வு சிறு பங்கு, மெல்லிய ஒலியில் பெரும் பங்கு. அதனால்தான் இரவில் தெரிகிறது.

இதேபோன்ற ஒன்றைச் சென்ற ஆண்டு என் மேசையில் திறந்தேன். உப்புக்காற்றில் சுற்றுப்பலகையின் ஓரம் பச்சை படிந்திருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக, பருப்பளவில் இரண்டு சிறு திருகு தடையிகள். சேவைக் கையேடு வெளியீட்டுத் தடையிக்குக் குறுக்கே 10 மில்லிவோல்ற்று நிற்க வேண்டும் என்று சொன்னது. மல்ரிமீற்றர் காட்டியது ஒரு மில்லிவோல்ற்றுக்கும் குறைவு. அந்தத் திருகு தடையிகளைப் புதிதாக மாற்றி, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, அரை மணித்தியாலம் சூடேறவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அளவுக்குக் கொண்டுவந்தேன். கூடத் திருப்பினால் திரான்சிஸ்டர் எரிந்துவிடும், ஆகவே இதை நீங்களாகச் செய்ய முயல வேண்டாம். திருத்துநரிடம் கொடுக்கும்போது உங்கள் மாதிரிக்குரிய சேவைக் கையேட்டைத் தேடிப் பிரதியெடுத்துக் கூடவே கொடுங்கள், அளவு மாதிரிக்கு மாதிரி மாறும். உரப்புக் குமிழையும் ஸ்பீக்கர் ரிலேயின் முனைகளையும் அதே நேரத்தில் துப்புரவாக்கித் தரும்படியும் சொல்லுங்கள்.